வரிக்கு ஒரு புள்ளி

அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் மனித உடலை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எலும்பு முறிவென்றால் சன்னலோர மேசைக்குப் போகும். இதயமும் இரத்தக் குழாய்களும் கதவோர மேசைக்கு. தோல் சம்பந்தப்பட்டது எதுவானாலும், ஒற்றை மச்சமாக இருந்தாலும் உடம்பெல்லாம் வெந்துபோன ஒருவரின் நூறு பக்கக் கோப்பாக இருந்தாலும், அது நடு மேசையில் இருந்தவளிடம்தான் வரும். இருபத்தோரு ஆண்டுகளாக இப்படி வந்துகொண்டிருந்ததால் அவளுக்குத் 'தோலக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. தேநீர் கொண்டுவருபவர்கூட, தோலக்காவுக்குச் சர்க்கரை இல்லாமல் என்று அறிவித்துவிட்டுத்தான் கோப்பையை வைப்பார். ஆரம்பத்தில் கொஞ்சம் கூசியது. பிறகு தொலைபேசியை எடுத்ததும் அவளே, "தோலக்கா பேசறேன்" என்று சொல்லும் அளவுக்குப் பழகிப்போயிற்று.

ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளுக்கு வேலைக்குப் போய், அங்கே சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்கள் கொண்டுவரும் மருத்துவ அறிக்கைகளை இங்குள்ள மருத்துவர்கள் படிக்கும்படி ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருவது அவர்கள் தொழில். அவளிடம் காலணி வந்த அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் தோலின் அடுக்குகளுக்கான சொற்களை ஓர் அடுக்குக்கு ஓர் அட்டை என எழுதி வைத்திருந்தாள். அகர வரிசையில் அடுக்கவில்லை. தோல் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில் அடுக்கியிருந்தாள். பெட்டியைத் திறந்ததும் முன்னால் நிற்பது 'எஸ்த்ராத்தோ கோர்னியோ', உரிந்து உதிரும் மேற்படலம். அதையே வேறொரு மருத்துவர் 'காப்பா கோர்னியா' என்று எழுதுவார். இரண்டும் ஒன்றே என்று அந்த அட்டை சொல்லும். அதற்குப் பின்னால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டுமே காணப்படும் ஒரு மெல்லிய அடுக்கு. அது முதுகிலோ வயிற்றிலோ இருப்பதாக ஓர் அறிக்கை சொன்னால், மூலத்தை அனுப்பியவர்களுக்கே ஐயம் கேட்டு எழுதிவிடுவாள். விரலை இன்னும் உள்ளே செலுத்தினால் உள்தோல், அதன் மேற்பகுதியான 'பாப்பிலார்', வலைபோல் பின்னிய அடிப்பகுதியான 'ரெட்டிகுலார்', எல்லாவற்றுக்கும் அடியில் கொழுப்பு. கொழுப்பு அடுக்கைச் சொல்லும் ஸ்பானியத் தொடரில் உயிரணு என்று ஒரு சொல் சும்மா ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் அதை விட்டுவிட வேண்டும் என்று கடைசி அட்டையில் சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. மொழிபெயர்ப்பு முடிந்ததும் இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். சரிபார்ப்பவர் ஸ்பானிய மூலத்தை வாக்கியம் வாக்கியமாக வாய்விட்டு வாசிப்பார். பெயர்த்தவர் ஆங்கிலப் பிரதியில் விரலை வைத்து, அந்த வாக்கியம் அங்கே வந்திருக்கிறதா என்று பார்த்து, 'இருக்கு' என்பார். அதன் பிறகே வாசித்தவர் மூலத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கடைசிப் புள்ளி விழுந்ததும் குறிப்பேட்டில் நேரத்தை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதற்கும் பின்னர்தான் மொழிபெயர்ப்பாளரின் முத்திரை பிரதியில் பதிய வேண்டும். முத்திரை இல்லாத பிரதியை எந்த மருத்துவமனையும் ஏற்காது. முத்திரை பறிபோனவருக்கு இந்தத் தொழிலில் இடமும் இல்லை.

அவளுக்கு வாசித்தவர் எதிர்மேசைக்காரர். பத்தாண்டுகள் கப்பலில் எழுத்தராக இருந்து ஸ்பானியம் கற்றவர். அவர் வாசித்தால் குடல்வால் அறுவைகூட ஏதோ அரசவைக் காவியம் போலக் கேட்கும். பதினாறு ஆண்டுகள் அவர் வாசிக்க அவள் 'இருக்கு' சொன்னாள். இடையில் அவர் மகனுக்கு அவள் மகளைப் பிடித்துப்போயிற்று. இரு வீட்டாருக்கும் மறுக்கக் காரணம் இல்லை. பேச்சு முடிவாகும் நாளில், எல்லார் முன்னிலையிலும் அவர் அவளைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். அவள் பழக்க தோஷத்தில், "இருக்கு" என்றாள். அவர் உடனே சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் காற்றில் ஒரு புள்ளி வைத்தார். கூடியிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்திலும் அவர் அவளுக்குச் 'சம்பந்தி'.

விதி மீறப்பட்டது ஒரே ஒரு நாள்.

அன்று காலையில் அவளுடைய மகளுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. மாப்பிள்ளை மகளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு இரண்டு மணிக்கு அழைத்தார். இன்னும் நேரம் ஆகும், ஆனால் அவள் அம்மாவைத்தான் கேட்கிறாள் என்றார். அவள் கையில் ஒரு சிறிய அறிக்கை முடியும் தறுவாயில் இருந்தது. சுவருக்கு வண்ணம் பூசும் ஒருவரின் முதுகிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட கரும் மச்சம் பற்றிய ஒரு பக்கச் சுருக்கம். மச்சம் புற்றாக மாறியிருந்தது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லாமல், இரண்டே வாக்கியங்களில் சொல்லியிருந்தார்கள்: கட்டி உள்தோலின் மேற்பகுதியை நிரப்பியுள்ளது; உள்தோலின் வலைப்பகுதிக்குள் ஊடுருவல் காணப்படவில்லை. மூலத்தில் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. இரண்டிலும் உள்தோலைக் குறிக்கும் 'லா தெர்மிஸ்' என்ற அதே சொற்கள், ஏறக்குறைய ஒரே இடத்தில்.

அவள் முதல் வரியில் 'லா தெர்மிஸ்' வரை பெயர்த்தாள். தொலைபேசி ஒலித்தது. எடுத்து, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது கண் கீழ் வரியின் 'லா தெர்மிஸ்' மேல் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து தொடர்ந்தாள். கட்டி உள்தோலின் வலைப்பகுதியை நிரப்பியுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் உருவாயிற்று. இடையிலிருந்தவை மாயமாயின. பார்த்து எழுதும் தொழிலில் இருக்கும் எவருக்கும் இந்தத் தாவல் நேரும். வாய்விட்டு வாசிக்கும் விதியே இதைப் பிடிப்பதற்காகத்தான் இருந்தது.

சம்பந்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீங்க கிளம்புங்க சம்பந்தி. அவ உங்களைத்தான் தேடுவா. நான் தனியா வாசிச்சுச் சரிபார்த்துடறேன். இது என்ன, முழுசா இருபது வரி."

"முத்திரை?"

"போட்டுட்டுப் போங்க. குறிப்பேட்டுலயும் கையெழுத்தப் போட்டுடுங்க. நேரத்த நான் எழுதிக்கறேன். பொறக்கப் போறது எனக்கும் பேரப்புள்ளதானே, உங்களுக்கு மட்டுமா?"

அவள் நடக்காத வாசிப்புக்குக் கையெழுத்திட்டாள். சரிபார்க்கப்படாத பிரதியில் முத்திரை பதித்தாள். இரண்டரை மணிக்குப் படியிறங்கினாள். பெண் குழந்தை பிறந்தபோது மூன்று ஐம்பத்திரண்டு.

நாற்பத்தேழாம் நாள் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலப் பிரதியை நம்பி, புற்று ஆழமாகப் போயிருக்கிறது என்று கொண்டு, வண்ணம் பூசுபவரின் முதுகில் தேவைக்கு மேல் அகலமாக வெட்டியிருக்கிறார்கள். வலது அக்குளிலிருந்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த வேறொரு மருத்துவருக்கு ஸ்பானியம் தெரிந்திருந்தது. மூலத்தைப் படித்தவர் அதிர்ந்துபோனார். நோயாளியின் வலது கை இப்போது வீங்கியிருக்கிறது. தூரிகையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. யார் பெயர்த்தது, யார் சரிபார்த்தது, எழுத்து மூலம் விளக்கம் தேவை.

அவள் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு மூலத்தை எடுத்துப் பார்த்தாள். தன் கண் தாவிய இடம் பார்த்த உடனே தெரிந்தது.

இதற்காக அலுவலகத்தில் வைத்த விசாரணைக்கு முந்தைய மாலை சம்பந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, சன்னலைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். வாசிக்கவே இல்லை என்று தெரிந்தால் இருவர் கதையும் முடிந்தது. வாசித்தோம், இருவர் கண்ணும் அசந்துவிட்டது என்றால் ஆளுக்கொரு எச்சரிக்கையோடு போய்விடும். தப்பு பொதுவில் இருக்கட்டும் என்றார். தனியாக வாசிக்கிறேன் என்றீர்களே, அப்போது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்க வாயெடுத்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. கேட்கவில்லை.

அலுவலக இயக்குநர் அம்மாள் அதிர்ந்து பேசாதவர். மறுநாள் தம் அறையில் இருவரையும் அருகருகே உட்காரவைத்து, முதலில் அவளைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சீங்களா?"

"வாசிச்சோம்," என்றாள் அவள். வாழ்நாளில் அலுவல் தொடர்பாக அவள் சொன்ன முதல் பொய் அது.

இயக்குநர் சம்பந்தியின் பக்கம் திரும்பி, விடுபட்ட அந்த வரியைச் சுட்டிக்காட்டினார். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வாசிச்சேன் மேடம். இந்த வரியையும் தெளிவா வாசிச்சேன். அம்மா 'இருக்கு'ன்னாங்க. அப்புறம்தான் புள்ளி வெச்சேன். பாருங்க, புள்ளி இருக்கு."

சம்பந்தி என்றுகூடச் சொல்லவில்லை, அம்மா என்றார்.

புள்ளி இருந்தது. வாசித்தவர் வாசித்தார், பார்க்க வேண்டியவள் பாராமலே 'இருக்கு' என்றாள் என்று அந்தச் சிவப்புப் புள்ளி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பொதுவில் இருக்க வேண்டிய தப்பு முழுதாக அவள் மடிக்கு வந்துவிட்டது. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மேசையில் இருந்த பேனாத் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மூலத்தைக் கையில் வாங்கினாள். பதினாறு ஆண்டுகளாக அவர் வைத்த புள்ளிகளை அவள் கண்டிருக்கிறாள். வாக்கியம் எங்கே முடிகிறதோ அதற்கு நேராகப் புள்ளி விழும். நீண்ட வாக்கியமென்றால் மூன்று வரிகளுக்கு ஒன்றுதான் இருக்கும். இந்தப் பக்கத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு புள்ளி. வாக்கியத்தின் நடுவில் ஓடும் வரிக்கும் புள்ளி, மருத்துவரின் முகவரிக்கும் புள்ளி. மேலிருந்து கீழே தையல் போட்டதுபோல் ஒரே நேர்க்கோட்டில், ஒரே மூச்சில் குத்திக்கொண்டே போயிருந்தார். தனியாகக்கூட அவர் வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரும்படியும், திருப்தியாக இல்லையென்றால் முத்திரையைத் திரும்பப் பெற நேரும் என்றும் இயக்குநர் அவளிடம் சொன்னார். சம்பந்தியிடம் எதுவும் கேட்கவில்லை.

படியில் இறங்கும்போது கதவோர மேசைக்காரர் பின்னாலேயே வந்து, "என்ன தோலக்கா, தோலை உரிச்சுட்டாங்களா?" என்றார். வழக்கமாக அவள் இதற்கு எந்த அடுக்குவரை என்று திருப்பிக் கேட்பாள். அன்று கேட்கவில்லை. அவர் தம் வேடிக்கைக்காக வருந்தி, அவள் பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தார்.

மறுநாள் காலையில் மகள் குழந்தையோடு வந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது. மாமனார் வீட்டில் சொல்லியிருக்கிறார்: உன் அம்மா தவறு செய்துவிட்டாள், நான்தான் இயக்குநர் கையைக் காலைப் பிடித்து வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

"மாமா உங்களுக்காக எவ்வளவு பேசிட்டிருக்காரு தெரியுமா? நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசாம வந்துட்டீங்களாம். அவருக்கு மனசே சரியில்ல."

அவள் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். கோபம் வந்தால் நல்லது என்று நினைத்தாள், வரவில்லை. பொய்யைத் தன்மேல் சுமத்தியவர் அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிறார். மகள் அவர் வீட்டில் வாழ்கிறாள், ஆகவே இவள் வாய் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கு அநேகமாகச் சரியாகவும் இருந்தது. விளக்கக் கடிதத்தில் தவறு முழுவதும் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு, மேசைமேல் வைத்திருந்தாள்.

மகள் அதை எடுத்துப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அன்னிக்கு மூணு நாப்பதுலேருந்து நாலு இருபது வரைக்கும் வாசிச்சதா எழுதியிருக்கீங்களே?"

"குறிப்பேட்டுல அப்படித்தான் இருக்கு. எப்பவும் அந்த நேரத்துக்குத்தான் வாசிப்போம். அவர் மறுநாள் வந்து, பழக்கத்துல நிரப்பியிருப்பாரு."

"மூணு நாப்பதுக்கு நீங்க என் கையப் பிடிச்சிட்டு நின்னீங்களேம்மா. நான் கத்தின கத்துல, கை உடைஞ்சுடும் விடுடின்னு சொன்னீங்க."

மகள் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினாள். தேடியது கிடைத்ததும் தாயின் முன் வைத்தாள்.

பிரசவ அறையின் வெளித்தாழ்வாரத்தில் எடுத்த படம். துணியில் சுற்றிய குழந்தையை அவள் ஏந்தியிருக்கிறாள். பக்கத்தில் சம்பந்தி, பல் முழுவதும் தெரியச் சிரித்தபடி, ஒரு விரலால் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிறார். சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். படத்தின் கீழே நேரம்: நான்கு மணி ஆறு நிமிடம். அலுவலகத்திலிருந்து அந்த மருத்துவமனைக்கு அரைமணி ஆகும். குறிப்பேட்டின்படி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில், இருவரும் பேத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இத உங்களுக்கு அனுப்பறேன்," என்றாள் மகள்.

"வேண்டாம். நீ அந்த வீட்டுல இருக்கணும்."

"இருந்துக்கறேன். நேத்து ராத்திரி சாப்பிடும்போது என் தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டே உங்களப் பத்திப் பொய் சொல்லியிருக்காரும்மா. இது தெரிஞ்சப்புறம் சும்மா இருந்தாத்தான் அங்க இருக்க முடியாது."

அவள் பழைய கடிதத்தை நான்காகக் கிழித்துவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்தாள். மூலத்தைப் பெயர்ப்பதுபோலவே எழுதினாள்; கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநரின் அறையில் ஒரு வேண்டுகோள் வைத்தாள். விளக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போக விரும்பவில்லை. அலுவலக வழக்கப்படி வாக்கியம் வாக்கியமாக வாசிக்கிறேன், எதிரே இருப்பவர் பிரதியைப் பார்த்து 'இருக்கு' சொல்லட்டும், இம்முறை புள்ளியையும் அவரே வைக்கட்டும் என்றாள். இயக்குநர் சற்று யோசித்துவிட்டு, சம்பந்தியை வரவழைத்து, விளக்கத்தின் பிரதியையும் சிவப்புப் பென்சிலையும் அவர் கையில் கொடுத்தார். மேசையின் நடுவில் அந்தப் படத்தின் அச்சு கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் பிரதியைக் கண்ணுக்கு அருகே உயர்த்திக்கொண்டார்.

"அன்று நான் இரண்டரை மணிக்கு அலுவலகத்தை விட்டுச் சென்றேன்," என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

"இருக்கு," என்றார் அவர், மெல்ல.

"போவதற்கு முன், நடக்காத வாசிப்புக்குக் கையெழுத்திட்டேன்."

"இருக்கு."

"சரிபார்க்கப்படாத பிரதியில் முத்திரை பதித்தேன்."

"இருக்கு."

"விசாரணையில், வாசித்தோம் என்று பொய் சொன்னேன்."

"இருக்கு." அவள் குற்றத்தைச் சொன்ன வாக்கியங்களுக்கெல்லாம் குரல் தடையின்றி வந்தது. புள்ளிகளும் விழுந்தன.

"எனக்கு வாசிக்க வேண்டியவர் அன்று ஒரு வாக்கியம்கூட வாசிக்கவில்லை. நான் சொல்லாத சொல்லை, நான் சொன்னதாகச் சொன்னார்."

அவள் காத்திருந்தாள். அவர் பென்சிலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். இயக்குநர் கையை நீட்டி, பென்சிலை வாங்கி, அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் தாமே புள்ளி வைத்தார்.

அவள் கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தாள். இயக்குநர் அதை எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சம்பந்தியைச் சரிபார்ப்பிலிருந்து நீக்கிப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு அனுப்பினார்கள்.

வெளியேறுமுன் அவளுக்கு ஒரு வேலை மீதமிருந்தது. அந்த ஒரு பக்க அறிக்கையைத் திருத்தி எழுதினாள். கதவோர மேசைக்காரர் தடுக்கித் தடுக்கி வாசித்தார். 'ஊடுருவல் காணப்படவில்லை' என்ற இடம் வந்தபோது அவள் விரலை அழுத்தி வைத்து, "இருக்கு," என்றாள். அவருடைய முத்திரையோடு அது மருத்துவமனைக்குப் போயிற்று. வண்ணம் பூசுபவரின் கையை அது மீட்டுத் தராது. அவருக்குத் தனியே ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அட்டைப் பெட்டியை நடு மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

மாதம் ஒரு முறையேனும் பேத்தியைப் பார்க்கப் போவாள். மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மாமனாருக்குச் சோறு பரிமாறுகிறாள், பேசுவதை மட்டும் எண்ணிப் பேசுகிறாள். சென்ற முறை கதவைத் திறந்தவர் அவரே. இடுப்பில் குழந்தை. ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்:

"என்ன இருந்தாலும், நமக்குள்ள ஒரு உறவு இருக்கே சம்பந்தி."

வாக்கியம் முடிந்துவிட்டது, இது அவள் பதில் சொல்ல வேண்டிய இடம். பதினாறு ஆண்டுப் பழக்கத்தில் நாக்கு தானாகவே எழும் என்று ஒரு கணம் அஞ்சினாள். எழவில்லை.

"குழந்தையக் கொடுங்க," என்று கையை நீட்டினாள்.